தைலம் பூசிய பூச்சிகள்

1

கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. குடிநுழைவு அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் இருந்த மலாய்ப் பெண் என் விரலைப் பார்த்தாள், லேசாக மோந்து பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "மின்யாக் ஆங்கின்! லாப் டுலு, காக்" என்று ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். தைலம், முதலில் துடையுங்கள் அக்கா என்று அர்த்தம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். இதே தைலத்தால் இந்த வருடம் ஒரு பெண்ணின் நிலம் பறிபோகப் பார்த்தது. அதற்கு வழி செய்து கொடுத்தவள் நான்தான். காகிதத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் துடைக்காமல் நின்றேன், அதற்குக் காரணம் உண்டு. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. வேதியியல் படித்தவள். பன்னிரண்டு வருடமாகக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சோதனைக்கூடத்தில் வேலை. வீட்டுக்காரர் சங்கர் என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவர். சட்டப்படி அவர் இங்கே வேலை பார்க்க முடியாது, எனவே சமையலும் மகளுக்குக் கணக்குப் பாடமும் அவர் பொறுப்பு. மகள் மீனா இங்கேயே பிறந்தாள், பாஸ்போர்ட் மட்டும் இந்தியாவுடையது. எங்கள் மூன்று பேரின் இருப்பும் ஒரே ஒரு கடிதத்தில் தொங்குகிறது. பெர்மிட் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், "இவர் எங்களுக்குத் தேவை" என்று தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைக்காதீர்கள். நம்மைப் போலத் தமிழர்தான். நாற்காலி பழையது, அதனால் பெயரும் பழையதாகவே இருக்கிறது.

2

வந்த புதிதில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அதிகாலையில் என்னைப் பெரட்டுக் களத்துக்கு அனுப்பினார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் வேலைக்குப் போகுமுன் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற இடம் அது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் வட்டமாக நின்று ஒரு சின்னப் பச்சைப் போத்தலைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் உள்ளங்கையில் ஊற்றி, புறங்கை, விரலிடுக்கு, நெற்றிப்பொட்டு என்று சூடு பறக்கத் தேய்த்தாள். போத்தல் என்னிடமும் வந்தது. நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"தங்கச்சி, இந்தக் குளுருக்குக் கைய வெறுமனே வச்சிருந்தா ஈரக் கொழுந்துக்குள்ள விட்ட ஒடனே வெறச்சிப் போயிரும். தேயிங்க லா" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அவள்தான் பாக்கியம் அக்கா. தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறித்தவர்கள், அவளும் பறித்தாள். பிறகு வேலையை விட்டு, திரிங்காப் பக்கம் எங்கள் தோட்டத்து எல்லையை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் வெங்காயத்தாளும் முட்டைக்கோசும் செவ்வந்தியும் போட ஆரம்பித்தாள். விடிவதற்குள் லோரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். நிலம் அரசாங்கத்துடையது. வருடத்துக்கு ஒருமுறை பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். "ஒங்களுக்கும் பெர்மிட்டு, எனக்கும் பெர்மிட்டு. நான் இங்கயே பொறந்தவ, நீங்க வந்தவங்க. என்னா வித்தியாசம் சொல்லுங்க?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

அவள் நிலத்தின் எல்லையில் ஏழு கொய்யா மரங்கள் நிற்கின்றன. பிரச்சினை அதிலிருந்துதான் கிளம்பியது.

3

இந்த வருடம் எல்லையோரத் தேயிலையில் கொழுந்துகள் பழுப்புப் புள்ளி விழுந்து கருகின. தேயிலைக் கொசு என்று சொல்லும் பூச்சியின் வேலை. பேர்தான் கொசு. பார்க்கவும் கொசு மாதிரி மெலிந்து, நீளக் காலோடு இருக்கும். உண்மையில் அது செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. பாக்கியம் அக்காவின் கொய்யா இலைகளிலும் அச்சு அசல் அதே போல ஒரு பூச்சி இருந்தது.

துரை என்னைக் கூப்பிட்டார். "மேடம், அந்தம்மா மரத்துலேருந்துதான் நம்ம கொழுந்துக்கு வருது. நில ஆபீசுக்கு லெட்டர் எழுதப்போறேன். மரத்த வெட்டச் சொன்னா பத்தாது, அடுத்த வருசம் பெர்மிட்டே குடுக்கக் கூடாது. நீங்க மெஷின்ல ஒரு வாட்டி போட்டு, ரெண்டும் ஒரே பூச்சினு ஒரு பேப்பர் குடுங்க. முடிஞ்சிரும்."

"ஒரே பூச்சியான்னு பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"பாக்க என்னா இருக்கு? கண்ணு இருக்குல்ல?"

கண்ணை நம்ப முடியாது என்பதுதான் விஷயம். நெருங்கிய உறவுள்ள பூச்சி இனங்களை வெளித்தோற்றத்தில் பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆண் பூச்சியின் வயிற்று நுனியை அறுத்து, உள்ளுறுப்பைப் பார்த்துச் சொல்லும் நிபுணர்கள் உண்டு. எங்கள் மலையில் அப்படி ஒருவரும் இல்லை. ஆனால் இன்னொரு வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு பூச்சியும் உடம்பின் மேல் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. உடம்பு வறண்டு போகாமல் காப்பது அதுதான். எறும்புகள் வழியில் நின்று ஒன்றையொன்று உணர்கொம்பால் தடவுகின்றனவே, அவை படிப்பதும் இந்த மெழுகைத்தான். அதில் பல நீளத்தில் ஹைட்ரோகார்பன்கள் கலந்திருக்கும். எது எவ்வளவு என்ற கலவை இனத்துக்கு இனம் மாறும். பூச்சியை ஹெக்சேன் என்ற கரைப்பானில் சில நிமிடம் முக்கி எடுத்தால் மெழுகு கரைந்து வந்துவிடும். அதை இயந்திரத்தில் செலுத்தினால் திரையில் வரிசையாக முனைகள் எழும்பும். பனங்காட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல, சில உயரம், சில குட்டை. ஒரே இனமென்றால் ஒரே வரிசை. தேயிலை மணத்தைச் சோதிக்க வாங்கிய இயந்திரம் அது. பூச்சிக்கும் வேலை செய்யும் என்று முன்பு துரையிடம் நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கும் நேரத்திலேயே போய் நின்றேன். தேயிலையில் இருபது பூச்சி பிடித்தேன். பிறகு எல்லையைத் தாண்டிப் போனேன். "பசியாறிட்டிங்களா தங்கச்சி?" என்று கேட்டபடி பாக்கியம் அக்கா கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். கொய்யாவில் இருபது. இடுக்கியால் பிடித்தால் கால் முறிந்துவிடும் என்று எல்லாவற்றையும் விரலால் பக்குவமாகப் பிடித்தேன். அந்தப் பக்குவம்தான் என் காலை வாரியது.

4

திரையில் பனங்காடு வரவில்லை. ஒரு பெரிய கரையான் புற்று வந்தது. அகலமான ஒரே மேடு. முனைகள் எல்லாம் அதற்குள் புதைந்து கிடந்தன. தேயிலைப் பூச்சிக்கும் அதே மேடு, கொய்யாப் பூச்சிக்கும் அதே மேடு.

நான் யோசிப்பதற்குள் துரை முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார். "அப்படித்தான் தெரியுது, ஆனா..." என்று நான் மென்று விழுங்குவதற்குள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த "அப்படித்தான் தெரியுது" என்ற சொல்லுக்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் பெர்மிட் கடிதம் அவர் மேசையில் கிடந்தது. பயந்துதான் அப்படிச் சொன்னேன். வேறு சப்பைக்கட்டு எதுவும் கட்டப்போவதில்லை.

அடுத்த நாளே சோதனைக்கூட வாசலில் குரல் கேட்டது. "மேடம் இருக்காங்களா?"

பன்னிரண்டு வருடத்தில் பாக்கியம் அக்கா என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை. செருப்பில் சேறு, தலையில் பனித்தொப்பி. நிலத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார வரல. தொர போன்ல ஏதோ மேடு மாதிரி ஒண்ணக் காட்டுனாரு. ரெண்டு பூச்சியும் ஒண்ணுதான்னு நீங்களே சொல்லிட்டிங்களாம். கெளைய வளச்சிக் குடுத்தவ நானு. என் வயித்துல அடிக்கத்தான் பூச்சி புடிச்சிங்களா?"

"மெஷின் அப்படிக் காட்டுச்சுக்கா."

"மெஷினுக்கு என்னா தெரியும்? தேயிலைல உக்காருறது வேற, கொய்யாவுல உக்காருறது வேற. எத்தன வருசமா பாக்குறேன்! தேயிலப் பூச்சி என் மரத்துல ஒரு நாளும் உக்காராது லா." பேசிக்கொண்டே வந்தவள் சட்டென நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். கோபத்திலும் அவளுக்குக் கிண்டல் போகாது. "இது லேபா, பெரட்டுக் களமா? ரூம் பூராவும் தைல வாட."

எனக்கு அந்த வாடை தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் போய் எத்தனையோ வருடமாகிறது. கையைப் பார்த்தேன். பூச்சி பிடித்த அன்று காலை பெரட்டுக் களத்தில் பச்சைப் போத்தல் என்னிடம் வந்தது, நானும் ஊற்றினேன், விரலிடுக்கு வரை தேய்த்தேன். எப்போதும் போல. மூக்கைப் பொத்தியவள் என்றைக்கு அந்த வட்டத்துக்குள் போனேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

தைலத்தில் மணத்துக்குச் சேர்க்கும் பொருள்கள் காற்றில் போய்விடும். மீதி இருப்பது கனிம எண்ணெய். அதுவும் ஹைட்ரோகார்பன், பூச்சி மெழுகின் பங்காளி. இயந்திரத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுத்தமான கண்ணாடித் துண்டில் என் கட்டைவிரலை அழுத்தினேன். அதைக் கரைப்பானில் கழுவி, பூச்சியே இல்லாமல் இயந்திரத்தில் விட்டேன். பாக்கியம் அக்கா உட்காராமல் நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு மேடு எழும்பியது. அதே புற்று, அதே அகலம்.

"இது எந்தப் பூச்சி?" என்றாள்.

"நான்தான்க்கா" என்றேன்.

5

இங்கே கோவில்பட்டியை இழுக்காமல் இருக்க முடியவில்லை. போன முறை ஊருக்குப் போனபோது என் அக்கா பெட்டியைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னட்டி வள்ளி, பொட்டியத் தொறந்தா மருந்துக் கட மாதிரில்லா மணக்கு! சேலைய ஒரு தண்ணில அலசிப் போடு" என்றாள். நான் அவமானத்தோடு அத்தனை துணியையும் அலசிக் கொடியில் போட்டேன். பேசும்போது மலாய்ப் பேச்சின் "லா" ஒன்று வந்து விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். மீனாவைப் பார்த்து, "ஒனக்கு எந்த ஊரும்மா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "திரிங்காப். இது அம்மா ஊரு" என்று அவள் பளிச்சென்று சொன்னாள். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அன்று அவளைத் திட்டினேன்.

இங்கே வந்தால் நேர்மாறு. கடையில் நான் வாயைத் திறந்ததும், "ஊர்க்காரவங்களா?" என்பார்கள். பன்னிரண்டு வருடம் கழித்தும் அதே கேள்வி. அங்கே தைல வாடை, இங்கே ஊர்த் தமிழ். இரண்டு பக்கமும் என்னைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள். அன்று சோதனைக்கூடத்தில் என் மேட்டைப் பார்த்தபோது முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. யாரைக் கேட்டு நான் இதற்கெல்லாம் வெட்கப்பட்டேன்?

6

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு வாரம் தைலத்தைத் தொடவில்லை. விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியவில்லை. இந்த முறை பூச்சியை விரலால் தொடாமல், கண்ணாடிக் குழாயை மேலே கவிழ்த்துப் பிடித்தேன். பாக்கியம் அக்காவும் கையைக் கழுவிக்கொண்டு வந்து கிளையைப் பிடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு குழாயையும் சரிபார்த்தேன்.

பனங்காடு வந்தது. ஒன்றல்ல, இரண்டு காடு. தேயிலைப் பூச்சியில் ஓங்கி நின்ற முனை, கொய்யாப் பூச்சியில் தரையோடு கிடந்தது. கொய்யாவில் நடுவில் எழும்பிய இரட்டை முனை, தேயிலையில் இல்லவே இல்லை. ஆண் பூச்சியில் பார்த்தாலும் பெண் பூச்சியில் பார்த்தாலும் அதே வித்தியாசம். கொய்யாவில் பிடித்த ஒன்றில்கூடத் தேயிலை வரிசை இல்லை. பிறகு எங்கிருந்துதான் வருகிறது என்று மேலே ஏறிப் போனேன். வருடக்கணக்காகக் கவாத்து வெட்டாமல் விட்ட எங்கள் தோட்டத்தின் மேட்டுச் சரிவில், ஆள் உயரத்துக்கு வளர்ந்த தேயிலைக்குள், தேயிலைப் பூச்சி மொய்த்துக்கொண்டிருந்தது. அதே வரிசை, முனைக்கு முனை.

துரையிடம் தாளை வைத்தேன். அவர் படிக்கவில்லை.

"மொதல்ல வந்ததே நல்லா இருந்துச்சே மேடம். அதையே டைப் பண்ணிடுங்க."

"அது பூச்சி இல்ல சார். என் கை."

"சாப்பாடு மாறுனா மெழுகும் மாறும்னு நெட்ல போட்டிருக்கு. ஒரே பூச்சி கொய்யா தின்னா வேற மாதிரி காட்டாதா?"

கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வரக் கூடாது. கொய்யாப் பூச்சிகளை வலைக்கூண்டில் தேயிலைக் கொழுந்தோடு விட்டேன். இரண்டு மூன்று நாள் அரைமனதாகக் குத்திப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் செத்தன. செத்தவற்றின் மெழுகிலும் கொய்யா வரிசை அப்படியே இருந்தது. அதையும் எழுதிக்கொண்டு மறுபடி போனேன்.

துரை மேசையில் இருந்த ஒரு கோப்பை விரலால் தட்டினார். "ஒங்க பெர்மிட் லெட்டர் இங்கதான் இருக்கு. இன்னும் பாக்கல. வேல ஜாஸ்தி."

வீட்டில் சங்கர் உலை வைத்திருப்பார், மீனா பள்ளிச் சீருடையை மாற்றாமல் சுற்றிக்கொண்டிருப்பாள் என்றெல்லாம் நினைப்பு ஓடியது. ஆனால் ஒரு தடவை மென்று விழுங்கியதே ஒரு பெண்ணின் நிலத்தின் மேல் போய் விழுந்துவிட்டது. இரண்டாவது தடவை விழுங்க எனக்குத் தொண்டை இல்லை.

"பாத்துட்டே சைன் பண்ணுங்க சார். பாக்காம வேண்டாம். இந்தப் பேப்பரையும் அதே மாதிரி பாத்துட்டு நில ஆபீசுக்கு அனுப்புங்க. பாக்கியம் அக்காகிட்ட ஒரு காப்பி குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"அவங்க மரத்துப் பூச்சி சார்."

அறிக்கையை மலாயில் எழுதியது மீனா. என் மலாய் கடையில் காய் வாங்கவும் பேருந்தில் இறங்கவும்தான் ஆகும். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து என் வாக்கியங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். இந்த மொழி என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன்! அன்று தாளை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். முதல் பத்தி வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, மொதல்ல நான் பண்ணுன சோதனை தப்பு, என் கையில தைலம் இருந்துச்சுன்னு மொத வரிலயே போடணுமா? படிக்கிறவங்க சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டும். போடு."

"எல்லாரும் போடுறதுதானே தைலம்? அதுல என்ன தப்பு?" என்றாள். அவளுக்கு அந்த வாடை பிறந்ததிலிருந்தே தெரியாது.

7

பாக்கியம் அக்கா அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோயிலுக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு தானே நில அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி ஒருவர் வந்து மரங்களைப் பார்த்தார், எங்கள் மேட்டுச் சரிவையும் ஏறிப் பார்த்தார், மூச்சு வாங்க இறங்கினார். அவள் பெர்மிட் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஏழு மரமும் நிற்கின்றன. சரிவில் இப்போது கவாத்து வெட்டுகிறார்கள்.

துரையும் கையெழுத்துப் போட்டார், கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது. வழக்கமாக இரண்டு வருடம் என்று எழுதுகிறவர் இந்த முறை ஒரு வருடம் என்று எழுதியிருந்தார். அது அவர் சொன்ன பதில். பாக்கியம் அக்காவிடம் காட்டினேன். "ஒரு வருசமா? எனக்கும் அதான். சேந்தே போயி க்யூல நிப்போம் தங்கச்சி" என்றாள். தங்கச்சி என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பை கொய்யாவும், பிரிக்காத பச்சைப் போத்தல் ஒன்றும் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

இனி அந்தச் சன்னலுக்கு வருகிறேன். ஊரில் என் அக்கா அலசச் சொன்ன சேலை, துரை டைப் பண்ணச் சொன்ன தாள், எல்லாம் ஒரு நிமிடம் ஞாபகத்துக்கு வந்துதான் காகிதத் துண்டோடு அப்படி நின்றேன். பாவம், அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை. அவளுக்கு வேண்டியது விரல் ரேகை. துடைத்தேன். வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. தைலத்துக்குக் கீழே இருந்த ரேகை கோவில்பட்டியில் பிறந்தபோது இருந்த அதே ரேகைதான் என்று இயந்திரம் ஒப்புக்கொண்டது.

"சத்து தாஹுன்" என்று ஒரு விரலைக் காட்டிச் சொல்லி, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தாள். ஒரு வருடம்.

"தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் நின்று கைப்பையிலிருந்து பாக்கியம் அக்கா தந்த போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி, புறங்கை, விரலிடுக்கு, கடைசியாகக் கட்டைவிரல் என்று சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டேன்.